நாகலெட்சுமியின் பச்சை நைட்டி

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில், கடலில் குளித்து வரும் பெண்கள் ஈரத்துணி மாற்ற ஆறு தகரத் தடுப்பு அறைகள் வைத்திருக்கிறாள் நாகலெட்சுமி. பதினான்கு வருஷமாக அதுதான் பிழைப்பு. காலையில் சேலையில் வருவாள். வந்ததும் பச்சைப் பூப்போட்ட நைட்டிக்கு மாறி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாளியும் கையுமாகத் தரை கழுவ ஆரம்பித்துவிடுவாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கலெக்டர் பெண்டாட்டியே வந்தாலும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எவனாவது அந்தப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்தால் தொலைந்தான், அவன் ஏழு தலைமுறையும் விளக்குமாற்றால் அடி வாங்கும்.

ஊரையே அதட்டுகிற அந்த வாய் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அடங்கிப்போகும். மாப்பிள்ளை வினோத்குமார். மகள் பானுப்பிரியாவைக் கட்டிப் பத்து மாதம்தான் ஆகிறது. அவர் எதிரே இவள் உட்கார மாட்டாள். பேச்செல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்துதான். ஒருநாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தபோது நைட்டியில் நின்றிருந்தாள். இவள் அடுப்படிக்குள் ஓட, அவர் தெருவுக்கு ஓட, மாமியார் சேலை கட்டி முடிக்கும்வரை மனிதர் வெயிலில் நின்று கரண்ட் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமான பிள்ளை.

தங்கத்துக்குத் தொழில்தான் சரியில்லை. பத்திரிகைகளுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் படம் எடுத்து அனுப்புகிறவர். போன மாசியில், செத்துப்போன அம்மாவின் அஸ்தியைக் கரைக்க ஒரு நடிகை வரப்போகிறாள் என்று அவருக்குத் துப்புக் கிடைத்தது. நடிகையின் பேர் வேண்டாம். நாகலெட்சுமியே இன்றுவரை வாய் திறக்காதபோது நமக்கென்ன?

"அத்தை, அந்தம்மா துணி மாத்த உங்ககிட்டதான் வரும். வந்தா ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க" என்றார் மாப்பிள்ளை.

முடியாது என்று எப்படிச் சொல்ல? மகள் வாழ்க்கையல்லவா? கதவுக்குப் பின்னால் நின்று தொண்டையை மட்டும் செருமிவைத்தாள்.

மறுநாள் காலை ஒரு சித்தியை மட்டும் கூட்டிக்கொண்டு நடிகை வந்தாள். கடலில் முங்கி எழுந்து, அழுது வீங்கிய கண்ணோடு உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் நாகலெட்சுமி தரை கழுவுவதை நிறுத்திவிட்டாள். படத்தில் எத்தனை ஆட்டம் ஆடினால் என்ன, இன்றைக்கு இது தாயில்லாப் பிள்ளை. மிஸ்டு கால் கொடுக்கவில்லை. ஆனால் எந்த ஆட்டோக்காரனோ கொடுத்துவிட்டான். கால் மணி நேரத்தில் மாப்பிள்ளை கேமராவோடு வாசலுக்கு நேரே வந்து நின்றார். வெளியே போக இருப்பது அந்த ஒரே வழி.

வேறு எவனாக இருந்தாலும் விளக்குமாறு போதும். மாப்பிள்ளையை என்ன செய்ய? உள்ளே துணி மாற்றியும் அழுகை நிற்காத அந்தப் பெண், இந்த அழுத மூஞ்சியை மட்டும் படம் எடுக்காமல் இருந்தால் போதும் என்று சித்தியிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி கொடியில் கிடந்த தன் சேலையைப் பார்த்தாள். தான் போட்டிருந்த நைட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"சொணங்காம இதை மாட்டு தாயி."

ஐந்து நிமிஷத்தில் பச்சை நைட்டியும், முகத்தை மறைத்த துண்டும், கையில் வாளியுமாக ஓர் உருவம் வாசலில் இறங்கியது. கேமராவைத் தூக்கிய மாப்பிள்ளை, நைட்டியைக் கண்டதும் பதறிப்போய் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். நைட்டி தெருமுனைவரை நடந்து, அங்கே நின்ற காரில் ஏறிக்கொண்டது. சித்தி கூட்டத்தோடு கூட்டமாக நழுவினாள்.

கார் தூரம் போயிருக்கும் என்று தெரிந்தபிறகு நாகலெட்சுமி சேலையில் வெளியே வந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், தெருமுனையைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. மகளைப் பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுவிடுவாரோ என்று இவளுக்குப் பயம்தான். ஆனாலும் கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவரிடம் நேருக்கு நேர் பேசினாள்.

"என் நைட்டியப் பாத்ததும் திரும்பி நின்னீகளே மாப்பிள்ளை, அந்த மரியாதைதான் அந்தப் பிள்ளைக்கும். அதுவும் ஒரு வீட்டுப் பொம்பளதான?"

வினோத்குமார் கேமராவுக்கு மூடியைப் போட்டார். தலையைக் குனிந்தவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. பார்த்தால், சிரிக்கிறார்.

"வாளியோடயா அத்தை கார்ல ஏறுச்சு?"

"ஆமா. நல்ல வாளி."

எதிரே டீக்கடை. மாப்பிள்ளை பெஞ்சைத் துடைத்து, உட்காருங்க என்று கையைக் காட்டினார். நாகலெட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். அத்தைக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாக என்று அவர் கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தபோது அவளுக்கு மனசு நிறைந்துபோனது.