செல்லியம்மாள் கேட்ட நகல்

செல்லியம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் கோர்ட்டில் பழைய கேஸ் ஒன்றின் நகல் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் வக்கீல் குமாஸ்தாவைவிடத் தெளிவாகச் சொல்வாள். எந்த வருஷம், எந்தப் போலீஸ் ஸ்டேஷன், எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின் பெயர், அவன் தகப்பன் பெயர் எல்லாம் வேண்டும். கேஸ் நம்பர் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் தேடித் தரச் சொல்லித் தனி மனு போட வேண்டும். மனுவுக்கு ஒரு ஸ்டாம்பு, நகல் எழுத வேறு ஸ்டாம்புத் தாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவளுடைய குப்பத்தில் யாருக்குக் கோர்ட் காரியம் வந்தாலும் இப்போது அவளைத்தான் முன்னால் விட்டுக்கொண்டு வருகிறார்கள். இதெல்லாம் அவள் 1975-இல் என்னிடம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டது.

நான் சுப்பராயன். ஊர் ஆரணி. தாலுகா கோர்ட் ஒன்றில் ரெக்கார்டு ரூமையும் நகல் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறவன். எந்தக் கோர்ட் என்று எழுத மாட்டேன், எனக்கும் பென்ஷன் வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி கட்ட நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைத் தீர்ப்பைக் கேட்டு ஒரு தாலுகாவே என் ஜன்னலில் வந்து நின்றது. இருப்பதோ நான் ஒருத்தன். எனக்கு முன்கோபம் வேறு உண்டு. வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் வேறு எதுவும் கிடையாது என்பார்கள்.

அப்படி ஒரு நாள்தான் செல்லியம்மாள் வந்தாள். ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைந்த வயது. தலையில் இறால் கூடை. கூடையை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லிக் கத்தினேன். வைத்துவிட்டு வந்து மனுவை நீட்டினாள். கோர்ட் வாசலில் மனு எழுதுகிற ஜோசப் எழுதிக் கொடுத்தது. "இறந்துபோன என் கணவர் குப்பனுக்கு விதிக்கப்பட்ட தண்டனைத் தீர்ப்பின் நகல் தேவை" என்று இருந்தது. நம்பர் இல்லை, வருஷமும் இல்லை.

"எந்த வருஷம்மா?"

"முகத்துவாரம் மண்ணடைச்சுக்கினு ஏரி வத்திப்போச்சே, அந்த வருஷம்யா."

"முகத்துவாரத்துக்கு நான் ரிஜிஸ்டர் வச்சுக்கினு இல்ல. இங்கிலீஷ் வருஷம் சொல்லு."

"அது தெரியாதுய்யா. எம்புள்ள சேகரு அப்போ வயித்துல இருந்தான். எட்டாம் மாசம்."

பையன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் அந்த சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் கொண்டுவந்தாள். பையன் பிறந்தது 1954 மார்ச். ஆக, 1953 கடைசியிலோ 54 தொடக்கத்திலோ நடந்த கேஸ். தண்டனை என்று கேட்டிருக்கிறாளே என்று தண்டனை ரிஜிஸ்டரை எடுத்தேன். இரண்டு வருஷத்துப் பக்கங்களையும் புரட்டியதில் ஏழு குப்பன் அகப்பட்டார்கள். சாராயக் குப்பன், சீட்டாட்டக் குப்பன், மாட்டைப் பயிரில் விட்ட குப்பன். அவளுடைய குப்பன் இல்லை. 'ரெக்கார்டு இல்லை' என்று மனுவின் மேல் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

வேறு யாராக இருந்தாலும் முனகிக்கொண்டே போயிருப்பார்கள். இவள் நாலு நாள் கழித்துப் புது ஸ்டாம்பு ஒட்டிப் புது மனுவோடு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்துப்போன ஆளோட தண்டனைப் பேப்பர வச்சுக்கினு இன்னாம்மா பண்ணப் போற? ஃப்ரேம் போட்டு மாட்டப் போறியா?"

அவள் கோபப்படவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் எந்த நாளில் வலை போடுவது என்று குப்பத்தார் வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்பிள்ளையின் பெயர்தான் பாடு உள்ளவர்கள் பட்டியலில் ஏறும். குப்பன் பெயரும் ஒரு காலத்தில் இருந்தது. பிறகு அவன் மேல் திருட்டு கேஸ் வந்தது, உள்ளே போனான், நாற்பத்து மூன்று நாள் கழித்துத் திரும்பினான். ஊர் கூடிப் பெயரை அடித்துவிட்டது. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவன் வலை போடவில்லை. பாடு இல்லாதவர்கள் செய்கிறபடி முழங்கால் தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்தான். ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. 1972-இல் செத்தும் போனான்.

இப்போது சேகருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் ஏற்றச் சொல்லிப் போனால், பெயர் அடிக்கப்பட்டவன் மகனுக்குப் பாடு கிடையாது என்றார்கள். ஊர்த்தலைவர் மணவாளன் மட்டும் ஒரு வழி சொன்னாராம். அடுத்தவன் வலையிலோ படகிலோ கைவைத்தவனுக்குத்தான் பரம்பரைக்கும் பாடு போகும். கரையில் நடந்த திருட்டு என்றால் அவனோடு போயிற்று, மகனைத் தொடாது. எதற்காகத் தண்டனை என்று கோர்ட் காகிதத்தில் காட்டு, பார்க்கலாம் என்றாராம்.

"அது ரைஸ் மில்லு பெல்ட் கேஸுய்யா. மில்லு மோட்டாருல மாட்டுற தோல் பெல்ட்டு. எறா வித்துட்டு, பஸ்ஸு போய்ட்டதால மில்லு செவுத்தோரம் படுத்துக்கினு இருந்தாரு. இட்டுக்கினு பூட்டாங்க. நா எடுக்கல, ஆனா தண்டன குடுத்துட்டாங்கன்னு எங்கிட்ட சொல்லிக்கினேதான் இருந்தாரு. ஊருல நம்பல. வலை அறுத்த கேஸுன்னு பேசிக்கினாங்க."

"பையன கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்கு அனுப்பேன். இந்தப் பேஜாரெல்லாம் இன்னாத்துக்கு?"

"அவன் போவான்யா. போனா, திருடன் புள்ள, பாடு இல்லாம ஊர உட்டுப் போய்ட்டான்னு சொல்லுவாங்க. பாடு இருந்து போறது வேற."

மனுவை வாங்கிக்கொண்டேன். ஆனாலும் திரும்பவும் அதே தண்டனை ரிஜிஸ்டரைத்தான் பார்த்தேன், இன்னும் ஒரு வருஷம் சேர்த்து. இல்லை. இரண்டாம் மனுவும் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு அவள் வந்தது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை சீட்டுப் போடுகிறார்கள் என்றாள். இந்த முறை மனு இல்லை. ஸ்டாம்பு வாங்கக் காசு இல்லை என்று நினைத்தேன், கேட்கவில்லை. சாப்பாட்டு வேளை, ஜன்னலில் வேறு யாரும் இல்லை. அவளைப் போகச் சொல்லுமுன் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"உங்க ஊட்டுக்காரர் நெஜமாவே ஜெயிலுக்குத்தான் போனாராம்மா? எந்த ஜெயிலு?"

"தாலுகாபீஸ் பக்கத்துல இருக்குதே, அந்த சின்ன ஜெயிலுதான். போகாம பின்ன? போட்டுக்கினு போன சட்டையோடயே வந்தாரு. நாப்பத்திமூணு நாளும் அதான் ஒடம்புல. எடுத்தா கையோட கிழிஞ்சு வருது, பேனு வேற. நான்தான் எரிச்சேன்."

சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன். தண்டனை ஆனவனுக்கு ஜெயில் உடுப்பு கொடுப்பார்கள். சொந்தச் சட்டையோடு நாற்பத்து மூன்று நாள் ஒருவன் உள்ளே இருந்தால், அவன் விசாரணைக் கைதி. ஜாமீன் எடுக்க ஆள் இல்லாமல், கேஸ் முடிகிறவரை அடைத்துவைக்கப்பட்டவன். அப்படியானால் நான் பார்த்த ரிஜிஸ்டரே தப்பு. தண்டனை ரிஜிஸ்டரில் தண்டனை பெற்றவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். எல்லாக் கேஸும் வரிசையாக ஏறுகிற பெரிய ரிஜிஸ்டர் ஒன்று தனியாக இருக்கிறது. அது மேல் பலகையில் இருந்தது. ஏணி போட வேண்டும் என்பதால் நான் அதைத் தொடவே இல்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏணி போட்டேன். அரை மணி நேரம் ஆகவில்லை. 1954 ஜனவரி, நூற்றுப் பதினாறாம் நம்பர். எதிரி குப்பன், மீனவர். திருட்டு, மில் பெல்ட் ஒன்று. கடைசிக் கட்டத்தில் ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தை. தமிழில் விடுதலை.

அந்த நம்பரை வைத்துக்கொண்டு கேஸ் கட்டைத் தேடி எடுத்தேன். சாட்சிக் காகிதங்களை எப்போதோ அழித்திருந்தார்கள், தீர்ப்பு மட்டும் இருந்தது. ஒன்றரைப் பக்கம். முழுவதும் இங்கிலீஷ். ஜன்னலுக்கு வந்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். பெல்ட்டை அவன் கையில் யாரும் பார்க்கவில்லை, அவன் படுத்திருந்ததைத்தான் பார்த்தார்கள். பெல்ட் அதற்கு முந்தின நாளே காணோம் என்று மில் ஆளே ஒப்புக்கொண்டிருக்கிறான். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. எதிரியை உடனே விடுவிக்க வேண்டும்.

"அப்டின்னா இன்னாய்யா?"

"உங்க ஊட்டுக்காரர் திருடலைன்னு கோர்ட்டு சொல்லியிருக்குது. தண்டனையே கெடையாது."

"நாப்பத்திமூணு நாளு?"

"அது கேஸ் முடியற வரைக்கும் வச்சிருந்தது. தீர்ப்ப இங்கிலீஷ்ல படிச்சிருப்பாங்க. அப்பறம் யாராவது, முடிஞ்சுது, நீ போலாம்னு சொல்லியிருப்பாங்க. தண்டனை முடிஞ்சுதுன்னு அவர் நெனச்சுக்கினாரு."

அவள் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே அவள் தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அழவில்லை. அங்கிருந்தே கேட்டாள்.

"அவருக்கு இது தெரியவே தெரியாதா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"ஒரு நாளு கஞ்சிக்கு இல்ல. கோவத்துல நானும் அவர திருடன்னு சொல்லிட்டேன்யா. ஒரே ஒரு நாளுதான். அன்னைக்கு மட்டும் அவரு, நா எடுக்கலன்னு சொல்லல."

ஏணி ஏற அலுத்துக்கொண்டு இரண்டு முறை இவளைத் திருப்பி அனுப்பியவன் நான். அதோடு அவள் வராமல் இருந்திருந்தால், குப்பன் என்றைக்கும் திருடனாகவே இருந்திருப்பான்.

புது மனுவை நானே எழுதினேன். 'தண்டனைத் தீர்ப்பு' என்று எழுதாமல் நம்பரையும் வருஷத்தையும் போட்டு 'தீர்ப்பின் நகல், அவசரம்' என்று எழுதினேன். முறைப்படி நடந்தால் ஸ்டாம்புத் தாள் கேட்டு நோட்டீஸ் பலகையில் பட்டியல் போட்டு, அதை மனுதாரர் பார்த்து, வாங்கி வந்து கொடுத்து என்று ஒரு வாரம் போய்விடும். என் காசைக் கொடுத்து ஜோசப்பை அனுப்பி அப்போதே தாள் வாங்கிவரச் சொன்னேன், அன்றைக்கே எழுதி முடித்தேன். மறுநாள் காலையில் ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை வைத்து, ஆபீசர் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். கீழே தமிழில் இரண்டு வரி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க எழுதினா நீங்க சொன்னதுன்னு சொல்லுவாங்க. கோர்ட்டு சொன்னது மட்டும் இருக்கட்டும்யா. படிக்க ஆளு நா பாத்துக்கறேன்" என்றாள்.

மறு வாரம் வந்து நடந்ததைச் சொன்னாள். பழவேற்காட்டு ஸ்கூல் வாத்தியார் பாக்கியராஜைக் கூட்டிப்போய், ஊர்க் கூட்டத்தில் தீர்ப்பை முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் படிக்கவைத்திருக்கிறாள். மணவாளன் பட்டியல் நோட்டைத் திறந்து, "சேகரு பேர ஏத்திக்கலாம், வேற பேச்சு இல்ல" என்று பேனாவை எடுத்திருக்கிறார். எல்லோருக்கும் அதோடு முடிந்தது. இவள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்திருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"மொதல்ல எம்புள்ள பேரு வேணாம். அவரு பேர ஏத்துங்க."

செத்துப்போனவன் பெயரை எப்படி ஏற்றுவது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"ஏத்துங்க. ஏத்திட்டு, செத்துட்டாருன்னு எழுதி அடிச்சுக்குங்க. திருடன்னு அடிச்ச பேரு அப்டியே கெடக்கக்கூடாது. அதுக்கு அப்பறம் எம்புள்ள பேர எழுதுங்க."

மணவாளன் அப்படியே எழுதினாராம்.