மூத்தவளுக்கு வீடு கொடுக்காத பரீதா

துரத்திவிட்டாளாம்! பெற்ற தாய், மூத்த மகளை வீட்டை விட்டே துரத்திவிட்டாளாம்! சங்கக்கடை வாசலில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை? ஒரு றாத்தல் பாண் கைக்கு வருமுன் நாலு றாத்தல் கதை போய்விடுகிறது. அந்த வரிசையில் நின்ற ஒருத்தியாவது பரீதாவின் வாசலுக்குப் போய், என்னகா நடந்தது என்று கேட்டாளா? கேட்கவில்லை. கேட்டால் கதை சிறுத்துப் போய்விடுமே.

மூத்தவள் றஹ்மா பரீதா பெற்ற பிள்ளையே இல்லை, எடுத்து வளர்த்த பிள்ளை என்றுகூட ஒரு கதை நடந்தது. அதற்குத் தலையாட்டியது யார் தெரியுமா? றஹ்மாவைத் தன் கையால் பிடித்து எடுத்த மருத்துவிச்சி! பாணுக்காக நிற்கிற மனுசிக்குத் தான் பிடித்த பிள்ளையே மறந்து போயிற்று.

நடந்ததைக் கேளுங்கள்.

கிண்ணியாவில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா அன்றைக்கே கல்லுக்கும் மரத்துக்கும் அலையத் தொடங்கிவிடுவார். வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை வந்து அதில் குடியேறுவான். பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். வீடில்லாத பெண்ணை ஒருவரும் கேட்டு வருவதில்லை. அவளுடைய அழகு, குணம், தொழுகை எல்லாவற்றையும் வீட்டைப் பார்த்த பிறகுதான் பார்ப்பார்கள்.

பரீதாவின் புருசன் ஆதம்பாவா தச்சர். வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் நிறுத்தியிருந்த காலம் முழுக்க அங்கேதான் மரவேலை. அவன் போனபோது இவருடைய வேலையும் போனது. பிறகு ஊரில் கதவும் யன்னலும் செய்து பிழைத்தார். சூறாவளி பழைய குடிசையைக் கொண்டுபோன பிறகு, கல்லால் ஒரு வீடு கட்டி, முன்வாசலுக்கு முதிரை மரத்தில் கதவு போட்டார். அப்படி ஒரு கதவு அந்தத் தெருவிலேயே கிடையாது. ஆனால் பிள்ளைகள் இரண்டு, றஹ்மாவும் அசனாவும். வீடு ஒன்று. மற்ற வீட்டை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டால் ஆதம்பாவா வானத்தைப் பார்ப்பார்.

மூத்தவளுக்குப் படிப்பு. இளையவளுக்கு அடுப்பு, தையல், வாய். அசனா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது, விடுதலை கிடைத்த சந்தோசம் அவளுக்கு. றஹ்மா அப்படியில்லை. பெரிய பிள்ளையாகிவிட்டாள், நிறுத்திவிடலாம் என்றார் ஆதம்பாவா. மேல்வகுப்புக்குத் திருகோணமலை டவுனுக்குப் போக வேண்டும். கிண்ணியாத் துறையில் ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடத்துகிற தட்டைப் படகுக்குப் பாதை என்று பெயர். குமர்ப்பிள்ளை பாதையில் ஆம்பிளைகளுக்கு நடுவே நின்று போவதா?

"நான் கூடப் போறன்" என்றாள் பரீதா.

"நீயா? ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். உங்களுக்குச் சோறு ஆக்கி வெச்சிட்டுத்தான் போவன். நீங்க பயப்பட வேணா."

போனாள். காலையில் பிள்ளையோடு பாதை ஏறி, டவுனில் சொந்தக்காரி ஒருத்தியின் குசினியில் மா இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டிக்கொண்டு வருவாள். ஊருக்கு அதுவும் பொறுக்கவில்லை. பரீதா டவுன் பார்க்கப் போகிறாளாம். இந்த வயதில் அவளுக்கென்ன டவுன்!

அந்தப் பிள்ளையாவது நன்றியோடு இருந்ததா? பதினாறு வயதுப் பிள்ளைக்கு நன்றியா? உம்மாவின் வெளிறிய சேலையும் வெற்றிலை வாயும் கூடப் படிக்கிற பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாதென்று பாதையில் மற்ற அந்தத்தில் போய் நிற்பாள். ரோட்டில் பத்தடி முன்னால் நடப்பாள். கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

"என்னகா பரீதா, உன்ட மகள் உன்னைத் தெரியாத மாதிரி நடக்கிறாளே?" என்று பாதையில் ஒருத்தி குத்தினாள்.

"அவள் முன்னுக்குப் போனாத்தானே எனக்குக் கண் வைக்க லேசு" என்றாள் பரீதா.

வீட்டிலும் அதே மூஞ்சிதான். மீன் நாறுகிறது என்று சாப்பாட்டைத் தள்ளுவாள். கடலோரத்தில் பிறந்தவளுக்கு மீன் நாறுகிறதாம்! ஏதாவது கேட்டால், "உங்களுக்கு அதொண்டும் விளங்காது உம்மா" என்பாள். தள்ளிய சோற்றுக் கோப்பையைப் பரீதா எடுத்து மூடி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் றஹ்மாவே வந்து, ஒருவருக்கும் தெரியாததுபோல் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

இப்படியே சோதனை எழுதி, றஹ்மா கண்டிப் பக்கம் பேராதனைக் கம்பஸுக்கு எடுபட்டாள். அந்தத் தெருவில் அப்படி ஒரு பெண் அதுவரை போனதில்லை. செய்தி வந்து கொஞ்ச நாளில் ஸல்ஹா வந்தாள்.

ஸல்ஹா கடைக்கார வீட்டுப் பொம்பிளை. மகன் அன்ஸாருக்குப் பெண் கேட்டு வந்தாள். பெண்ணைப் பார்த்தாளா? கதிரையில் உட்கார்ந்தவள் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு எழும்பி முகட்டைப் பார்த்தாள். குசினிக்குள் நுழைந்து புகை எங்கே போகிறது என்று கேட்டாள். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டு, "உப்புக் கரிக்கல்ல" என்று தலையாட்டினாள். முதிரைக் கதவை மட்டும் மூன்று தரம் திறந்து மூடினாள். மாடு வாங்க வருகிறவன்கூடக் கடைசியில் ஒரு தரம் மாட்டின் முகத்தைப் பார்ப்பான்.

தேத்தண்ணி கொண்டுவந்த றஹ்மாவை அப்போதுதான் ஏறிட்டாள்.

"புள்ள கறுப்பெண்டாலும் லெட்சணம். ஆனா ஆதம்பாவா காக்கா, கம்பஸ் கிம்பஸ் எங்களுக்குச் சரிவராது. வார மாசமே காவின எழுதிக் கலியாணத்த முடிச்சிருவம். படிச்சது போதும்."

"அதுக்கென்ன, செய்யலாம்" என்று ஆதம்பாவா வாயைத் திறந்தார். கப்பலையே இழைத்த மனுசன், ஸல்ஹாவுக்கு முன்னால் சீவல் மாதிரிச் சுருண்டுவிட்டார்.

றஹ்மா தட்டை இறக்கி வைத்தாள். அவள் உம்மாவைப் பார்த்தாள். டவுன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அப்படிப் பார்த்ததே இல்லை.

பரீதா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றாள்.

"ஸல்ஹா மச்சி, ஒரு கதை. இந்த வீடு றஹ்மாக்கில்ல. அசனாக்கு. மூத்தவளுக்கு நாங்க வீடு குடுக்கல்ல."

ஆதம்பாவா கதவைப் பார்த்தார். ஸல்ஹா மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள். வாயைத் துடைத்தாள்.

"சின்னவளுக்கு இப்ப எத்தன வயசு?" என்றாள்.

பாருங்கள்! ஒரு வாய் தேத்தண்ணி இறங்குகிற நேரத்தில் பெண் மாறிவிட்டது. இந்த ஸல்ஹாதான் பிறகு வரிசையில் நின்று, மூத்தவளுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினவள்.

அவள் போனதும் ஆதம்பாவா தலையில் கை வைத்தார். "மூத்தவள் இருக்க இளையவளுக்கா? ஊர் என்ன கதைக்கும்? இனி றஹ்மாவை ஆரு கேட்டு வருவான்?"

"ஒருத்தரும் வரமாட்டாங்க. அதுதான் எனக்கு வேணும். வீடு இருக்கிற வரைக்கும் ஸல்ஹா போனா இன்னொரு ஸல்ஹா வருவாள். நீங்களும் ஓமெண்டு தலையாட்டுவீங்க. வீட்டை எடுத்தாத்தான் புள்ளையை விடுவாங்க."

பிறகு பரீதா இளையவளைக் கூப்பிட்டாள். "அசனா, உன்னையும் கேக்கிறன். விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லு. வேற வழி பாப்பன்."

அசனா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "அன்ஸார் நல்ல மாதிரிதான் உம்மா. மாமிதான் சரியில்ல. அவவை நான் பாத்துக்கிறன். ராத்தாக்கு வாயில்ல, எனக்கு இருக்கு."

ஆனால் சந்தோசப்பட வேண்டியவள் சந்தோசப்படவில்லை. றஹ்மா கிணற்றடியில் போய்க் குந்திக்கொண்டு அழுதாள். வீடு வேண்டாம், புத்தகம்தான் வேண்டும் என்று நின்ற பிள்ளைதான். வீடு இல்லை என்று வாய்விட்டுச் சொன்னதும் நெஞ்சில் குத்தியது. அந்த ஊரில் பிறந்த பெண்ணுக்கு அது குத்தாமல் இருக்குமா?

பரீதா பின்னால் போனாள்.

"எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டீங்களே உம்மா. எனக்கு இந்த ஊரில ஒரு மூலைகூட இல்லையா? நான் உங்கட புள்ளதானே?"

"புள்ளதான். உனக்கு வீடா, கம்பஸா?"

றஹ்மா வாளிக் கயிற்றை முறுக்கினாள்.

"ரெண்டையும் தர என்னால ஏலாது மனே. வீடெண்டா இப்பவே சொல்லு. ஸல்ஹா இன்னும் துறையடி தாண்டியிருக்கமாட்டாள், ஓடிப்போய்க் கூப்பிடுறன்."

றஹ்மா மூக்கை உறிஞ்சினாள். "அந்த மனுசியைக் கூப்பிட வேணா."

"அப்ப முகத்தைக் கழுவு."

அசனாவின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வந்து குடியேறினான். பரீதாவும் ஆதம்பாவாவும் பின்வளவில் கிடுகுக் கொட்டிலுக்குப் போனார்கள். ஊர் அதையும் விட்டுவைக்கவில்லை. மூத்தவளைத் துரத்தினவளுக்கு அல்லாஹ் கொட்டிலைக் காட்டினானாம்! எல்லாப் பெற்றவர்களும் போகிற கொட்டில்தானே? அந்த வரிசையில் பாதிப் பேர் விடிந்தால் கொட்டிலிலிருந்துதான் எழும்பி வருகிறார்கள்.

ஆதம்பாவா பரீதாவோடு பேசாமலே கொட்டிலுக்கு முன்னால் இருந்து ஏதோ அறுத்துக்கொண்டிருந்தார். மகள் கொண்டுபோக ஒரு பெட்டி. கதவு செய்து மிஞ்சிய முதிரைப் பலகை. மூலைக்கு மூலை இழைத்துப் பொருத்தி, இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி வைத்திருந்தார். வெறும் பெட்டியே கன்றுக்குட்டியின் பாரம். ஒரு பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு பாதை ஏறி, பஸ் ஏறி, கண்டி மலைக்குப் போக வேண்டுமே என்று அந்த மனுசனுக்குத் தோன்றவில்லை. தச்சர் தச்சர்தான். ஆனால் அதை வேண்டாமென்று சொல்ல றஹ்மாவுக்கும் மனம் வரவில்லை.

போகிற நாள் பெட்டியைக் கொட்டிலிலிருந்து எடுத்தார்கள். பின்வேலியால் இறங்கினால் துறை கிட்ட. றஹ்மா அந்தப் பக்கம்தான் திரும்பினாள்.

"அங்கால போக வேணா" என்றாள் பரீதா. "முன்வாசலால போவம்."

"அது சங்கக்கடைத் தெரு உம்மா. வரிசையில எல்லாரும் நிப்பாங்க."

"நிக்கட்டும். நீ களவெடுத்துட்டா போறாய்?"

வீட்டுக்குள் ஸல்ஹா கதிரையில் இருந்தாள். மகன் வீடு பார்க்க வந்தவள் மூன்றாம் நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அசனா ஓடிவந்து கதவை விரியத் திறந்தாள்.

"ராத்தா, லீவுக்கு வந்தா இஞ்சதான் நிக்கணும். கொட்டிலுக்குப் போனீங்கண்டா நான் கதைக்கமாட்டன். என்ட வீடு, நான் சொல்றதுதான்." பிறகு உள்ளே திரும்பி, "கேட்டுதா மாமி?" என்றாள். ஸல்ஹாவுக்குக் கேட்டது.

ஆதம்பாவா முன்னால் துறைக்குப் போய்விட்டார், பாதையைப் பிடித்து வைக்கிறேன் என்று. பாதையைப் பிடித்து வைக்க அது என்ன ஆட்டுக்குட்டியா? அவருக்கு வாசலில் நிற்க ஏலாது, அவ்வளவுதான்.

றஹ்மா தனியே தூக்கப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை. பரீதா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மற்றப் பிடியைப் பிடித்தாள். இருவரும் முதிரைக் கதவைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். பழக்கதோசத்தில் றஹ்மா விறுவிறென்று முன்னால் எட்டி வைத்தாள். பெட்டி அவளைப் பின்னுக்கு இழுத்தது.

"மெல்ல நடங்க உம்மா" என்றாள், தானே நடையைக் குறைத்து.

வரிசையில் வாய்கள் எல்லாம் இவர்கள் பக்கம் திரும்பின. உம்மாவும் மகளும் ஒரே பெட்டியின் இரண்டு பக்கமும், ஒரே நடையில், அந்த வரிசையின் தலையிலிருந்து வால்வரை நடந்து போனார்கள்.