பதினொரு வீட்டுக் கம்பம்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கம்பம், ஒரு சின்னக் கிராமம். மொத்தம் பதினொரு வீடுகள். முன்பக்கம் பெரிய சாக்கடை, பின்பக்கம் மலைச்சரிவு. வீடுகளுக்கு நடுவே ஓடும் சிமெண்டுப் பாதை ஒரு குறுகிய பாலத்தில் சாக்கடையைத் தாண்டும். மோட்டார் சைக்கிள் வரும், கார் வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை நான் குறையாக நினைத்ததில்லை. சத்தமில்லாத இடம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு மதியம் என் கணவர் குளியலறையில் விழுந்தார். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை. தலை சுற்றுகிறது என்று அன்று லீவு போட்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். எடுத்த பெண் மலாயில் முகவரி கேட்டாள். சொன்னேன்.

"அந்தப் பேர்ல ஜாலான், தெரு எதுவும் காட்டலையே. பக்கத்துல என்ன இருக்கு?"

"பிளாட். பிளாட்டுக்குப் பின்னால."

"எந்த பிளாட்?"

இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த இடத்துக்கு வழி சொல்லத் தெரியாமல் தடுமாறினேன். கோயிலைச் சொன்னேன், பஸ் நிற்கும் இடத்தைச் சொன்னேன். கடைசியில் அவள், கார் வரும் இடம்வரை அவரைத் தூக்கி வர ஆள் இருக்கிறதா என்று கேட்டாள்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஆறு வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் செபராங் ஜெயா பக்கம் வீடு வாங்கிப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது முட்டிவலிக்கார எதிர் வீட்டு அக்காவும், கடைசி வீட்டுச் சீனப் பெரியவரும்தான். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

கூப்பிட்டதும் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள், பெரியவரும் வந்தார். என் கணவரை அதில் உட்காரவைத்து, சேலையால் கட்டினோம்.

"அழுவுறத அப்புறம் வச்சிக்கலாம்லா. நீ கால் பக்கம் புடி" என்றாள் அக்கா.

நான்கு நிமிஷம் நடக்கிற பாதை. எத்தனை முறை இறக்கி வைத்தோம் என்று நினைவில்லை. பெரியவர் மூச்சு வாங்க, "பெலான், பெலான்" என்று மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்தில் அக்கா முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பிளாட்டைப் பார்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன். யாரோ இரண்டு பேர் கீழே இறங்கி ஓடிவந்து தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் இன்னொரு பிளாட்டின் வாசலில் நின்று எங்களைத் தேடிக்கொண்டிருந்தது.

எப்போது விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்.

என் கணவர் உயிர் பிழைத்தார். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. சிகிச்சைக்குப் போகும் நாளிலெல்லாம் யாரையாவது கெஞ்சித்தான் அவரைத் தூக்கிப் போகிறேன். தரைத்தள பிளாட் கேட்டு மூன்று முறை மனு போட்டாயிற்று. பதில் இல்லை.

போன மாதம் அக்காவை அவள் மகள் தன் வீட்டுக்கே அழைத்துப் போக வந்தாள். போகாதே என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு இப்படி ஆச்சுன்னா, நீ ஒருத்தியா எப்படிம்மா தூக்குவ?" என்றாள் அக்கா.

அவளுடைய துணிப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.