ராணியின் மீசை

தகப்பனின் அறைச் சன்னலுக்கு வெளியே குந்தி, கண்ணாடிக் கிளாசைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் உட்புறத்தில் பழைய பிளேடைக் கூர் ஏற இரண்டு விரலால் அழுத்தித் தேய்க்கிறார் தேவராசா. ஒரு பக்கம் கொஞ்சம் தேய்த்து, திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் கொஞ்சம். தேய்ப்பு ஆதி தாளத்தில் விழுகிறது, வாய் ஒரு பல்லவியை முணுமுணுக்கிறது. போரோடு பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் புதுப் பிளேட் கண்ணில் காணக் கிடைப்பதில்லை. ஊரில் பாதி ஆண்கள் தாடியை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். தேவராசாவால் அது முடியாது. பின்னேரம் அவர் ராணியாக வேண்டும்.

இணுவிலில் புகையிலையும் வெங்காயமும் வைக்கிற கமக்காரர் அவர். சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் போட்டு வரம்பில் நடக்கும்போது, இந்த அகலத் தோள்தான் நேற்று மேடையில் நாணிக் குனிந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பதினேழு வயதில் பெண் வேஷம் கட்டத் தொடங்கியவருக்கு இப்போது நாற்பது. சைக்கிள் கரியரில் சாக்குச் சுற்றிய ஆர்மோனியம், ஹாண்டிலில் சேலைப் பை. இந்த இரண்டோடும் கரவெட்டியிலிருந்து பண்டத்தரிப்பு வரை அவர் மிதிக்காத ஒழுங்கை இல்லை.

முன்பு பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் அவருக்கு நல்ல கூட்டாளியாக இருந்தது. நாடியில் நாலு மயிர் மிச்சம் நின்றாலும் அது காட்டிக்கொடுக்காது. இப்போது மண்ணெண்ணெய் விற்கிற விலையில் எந்தக் கோயில் விடிய விடிய விளக்கெரிக்கும்? நாடகம் பின்னேரத்துக்கு வந்துவிட்டது. பகல் வெளிச்சம் பொல்லாதது. அதற்கு ஈடுகொடுக்கத்தான் இந்தத் தேய்ப்பு.

சேலை வாங்குவதும் அவர்தான். கடையில் துணியைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பார். புதிதாக வேலைக்கு வந்த விற்பனையாளர் திகைத்து நின்றால், “எனக்குத்தான், எடும்” என்பார், வெங்காய விதை கேட்கிற அதே குரலில். மனைவி மகாதேவிக்கு இதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. “என்ரை சீலை என்னிலும் பார்க்க அவருக்குத்தான் எடுப்பு” என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகவே சொல்வாள். கல்யாண வீடுகளில் பொம்பிளைக்குக் கொசுவம் சரிவரவில்லையென்றால் மகாதேவியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் யாரிடம் படித்தாள் என்பது ஊருக்கே தெரியும்.

ராணிக்கு மேடையில் வேலை இல்லாத நேரம் அவர் சும்மா இருப்பதில்லை. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆர்மோனியத்துக்கு முன்னால் குந்திவிடுவார். ராசாவின் பாட்டுக்கு ராணியின் பின்பாட்டு. கட்டையில் விரல் ஓட ஓடக் கையில் காப்பு குலுங்கும். ஒருமுறை முன்னுக்கிருந்த ஒருவர் அவரைப் பார்த்துச் சீட்டி அடித்தார். தேவராசா பாட்டை நிறுத்தினார். ராணியின் குரலை மட்டும் விடவில்லை.

“தம்பி, சுருதி கூடிப்போச்சு. ஒரு கட்டை குறைச்சு அடியும்.”

சனம் சிரித்து ஓய நேரம் எடுத்தது. சீட்டி அடித்தவர் அடுத்த நாடகத்துக்கும் வந்தார், வாயை மூடிக்கொண்டு.

ஊரை இப்படிச் சிரிக்கவைத்தவருக்கு வீட்டில் ஒரு வாய் மட்டும் வசப்படவில்லை. அது அவருடைய ஐயா கதிரவேலரின் வாய். மகனுடைய நாடகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. சொந்தக்காரரின் செத்தவீடு ஒன்றில், சபையிலேயே சொன்னார்: “கொள்ளி வைக்கிறவன் மீசை வழிக்க வேணும். உவனிட்டை வழிக்க என்ன கிடக்கு? எனக்குப் பெறாமகன் வைக்கட்டும்.” பெறாமகன் என்றால் அவருடைய தம்பியின் மகன். அந்தச் சொல் தேவராசாவை உள்ளே அறுத்தது.

சென்ற ஆவணியில் கதிரவேலர் காய்ச்சலில் விழுந்தார். நெஞ்சில் சளி கட்டியது. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் நாடி பிடித்துவிட்டுக் கையை விரித்தார். அன்றைக்கு நிறுத்தியதுதான் சவரம். தேவராசாவுக்கு மீசை முளைத்தது, அதுவும் நரையும் கறுப்புமாக, ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் ஐதாக. சந்தையில் தெரிந்தவர்களே அவரைத் தெரியாமல் கடந்து போனார்கள். வந்த நாடகங்களை வேண்டாமென்றார். காரணத்தை மகாதேவிக்கு மட்டும் சொன்னார்.

பண்டத்தரிப்புப் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாள் வைத்ததும் கோயில் செயலாளர் பரமலிங்கம் வெற்றிலையோடு வந்தார். வேறு ஆளைப் போட்டால் சனம் இருக்கிற கதிரையைத் தூக்கி எறியும் என்றார். மீசையைப் பார்த்துவிட்டு, மயிர்தானே, ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு என்றும் சொன்னார்.

“ஏலாது அண்ணை. ஐயாவுக்கு ஒண்டு நடந்தால் வழிக்க வேணுமெண்டுதான் இதை வளர்க்கிறன். அதை நாடகத்துக்கு வழிக்கேலாது.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஐயாவின் அறைச் சன்னல் திறந்திருந்தது. ஐந்தாறு நாளாகக் காய்ச்சல் இறங்கிக் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்த கதிரவேலர் உள்ளே இருமினார்.

“பரமலிங்கம், நீ போ. உவன் வருவான்.”

தேவராசா உள்ளே போனார். கிழவர் தலையணையில் சாய்ந்து, மகனுடைய மேலுதட்டைக் கனநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

“கொள்ளி நீதான் வைப்பாய். மீசை கிடந்தாலென்ன, கிடவாட்டியென்ன. இப்ப உந்த மீசையை எடு, வடிவில்லை.”

தேவராசா கிளாசையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அந்தச் சன்னலுக்கு வெளியே குந்தப் போனார். கதிரவேலர் கையை நீட்டி இரண்டையும் வாங்கினார். புகையிலைக் கறை ஏறிய விரல்களால் பிளேடை அழுத்தி, இத்தனை வருடமும் சன்னலுக்கு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அதே தாளத்தில், கிளாசின் உட்புறத்தில் தேய்க்கத் தொடங்கினார்.