சுட்டது பூஜ்யம்

"பெயர்: பவானேஸ்வரி A/P நல்லமுத்து. வயது: 51. கண்ணும் கையும் விரைந்து இயங்க வேண்டிய பணிகளுக்கு இவர் பொருத்தமற்றவர்."

மலாய் மொழியில் தட்டச்சாகி டாக்டரின் நீல முத்திரை குத்தப்பட்ட இந்தத் தாளை, ஜாசினுக்குப் பக்கத்துப் பெம்பான் ஊரில் தன் வீட்டில் பவானேஸ்வரி தண்ணீர் பில்களோடு சேர்த்து ஒரே கிளிப்பில் மாட்டி வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே சிப்புகளில் கீறல் தேடியவர் அவர். புது இயந்திரங்கள் வந்தபோது எல்லோருக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். பலகையில் விளக்கு எரிந்ததும் பொத்தானைத் தட்ட வேண்டும். பவானேஸ்வரி தட்டவில்லை. விளக்குகள் எந்த வரிசையில் எரிகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை பிடிபட்டபோது சோதனை முடிந்திருந்தது.

விடைபெறும் நாளில் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். மெதுவானவர் என்று அனுப்பப்படுகிறவருக்குக் கடிகாரம் கொடுப்பதன் அழகை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. "பேட்டரியும் போட்டே குடுத்தாங்க" என்று அவர் மனதார நன்றி சொன்னார். நன்றி சொல்வது அவருக்கு இருமல் மாதிரி, அடக்க முடியாது.

கணவர் காந்தன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தேநீர் வர இரண்டு நிமிடம் தாமதமானால், "டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு, நான் என்னா சொல்ல?" என்பார். பவானேஸ்வரி சிரிப்பார். வேலை போன எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்ததை காந்தன் கவனிக்கவில்லை. மகள் ஷாந்தினி கவனித்தாள். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவள், தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போனாள்.

'தெபுவான்' என்று அதற்குப் பெயர், மலாயில் குளவி. மூவார் நகரில் ஹஃபிஸ் என்ற இளைஞர் தனியாளாக உருவாக்கியது. திரையின் மேலே குளவிகள், கீழே ஒரு குட்டி விமானம். குளவிகள் குண்டுகளை மழையாகக் கொட்டும். குண்டு இறக்கையில் பட்டால் ஒன்றுமில்லை. விமானத்தின் நடுவில் உள்ள சிவப்புப் புள்ளியில் பட்டால்தான் சாவு. பவானேஸ்வரி அந்தப் புள்ளிக்குப் பொட்டு என்று பெயர் வைத்தார். "பொட்டைக் காப்பாத்துனா போதும், மத்ததெல்லாம் சும்மா அலங்காரம்."

ஜாசினில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கன்ட்ரோலரில் விமானத்தை நகர்த்தும் குச்சி மட்டும் வேலை செய்தது. சுடும் பொத்தான் பெட்டியிலேயே செத்துப்போயிருந்தது. அவருக்கு அது தெரியாது. ஒதுங்குவதுதான் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, தினமும் சமையல் முடித்து உட்கார்ந்து, மூன்று மாதத்தில் கடைசி நிலையைத் தாண்டினார்.

தாண்டியதும் பெயர் எழுத மூன்றே மூன்று கட்டங்கள் வந்தன. இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பெண் தன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, இன்னாரின் மகள் என்று காட்ட, ஆயுள் முழுக்க எழுதுகிற மூன்று எழுத்தை அவர் அதில் நிரப்பினார்: A/P. மீதிக் கட்டங்கள் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. இணையப் பட்டியலில் ஒரு வரி மட்டும் ஏறியது: A/P, நிலை 5, சுட்டது 0.

ஹஃபிஸ் அதைப் பார்த்தார். சுடாமல் யாராலும் ஐந்தாம் நிலைக்குப் போக முடியாது. ஆகவே பிழை, அல்லது திருட்டு. ஆடியவர் நேரில் ஆடிக் காட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த வரி நீக்கப்படும் என்று பட்டியலுக்குக் கீழே அறிவித்தார்.

ஷாந்தினி போனில் அதைப் படித்துக்காட்டினாள்.

"அம்மா? இருக்கியா?"

"அத எடுக்க வேணாம்னு சொல்லும்மா. அந்த ஒரு எடத்துலதான் என்னைய ஸ்லோன்னு யாரும் எழுதல."

ஷாந்தினி தகவல் சொல்ல, ஞாயிறு மதியம் ஹஃபிஸ் மூவாரிலிருந்து காரோட்டி வந்தார். வடை சாப்பிட்டார். பிறகு, ஒரு சந்தேகப் பிராணியின் பணிவோடு, மலாயில் அத்தை என்று அழைத்துக் கேட்டார்:

"மாக்சிக், ஏன் நீங்க சுடவே இல்ல?"

"சுடணுமா?"

வாசலில் நின்ற காந்தன் சிரித்துவிட்டார். "முப்பது வருஷமா என்னைய மட்டும் சுட்டுப் பொசுக்குறா லா!"

ஹஃபிஸ் பொத்தானை அழுத்திப் பார்த்தார். அசைவில்லை. தன் பையிலிருந்த நல்ல கன்ட்ரோலரைக் கொடுத்து, "இதுல ஆடுங்க" என்றார்.

ஆயுதம் கிடைத்த பவானேஸ்வரி இரண்டாம் நிலையிலேயே செத்தார். மறுபடியும் செத்தார். "அம்மாடி, என்னா சத்தம்! எங்குண்டு எங்க போவுதுன்னு பாக்குறதா, அதுங்க குண்டப் பாக்குறதா?" மூன்றாவது முறையும் செத்தார்.

"தாக் ஆப்பா, மாக்சிக்" என்றார் ஹஃபிஸ். பரவாயில்லை என்று அர்த்தம். எந்த மொழியிலும் அதற்கு, முடிந்தது என்றுதான் பொருள். அவர் எழுந்து கார் சாவியைத் தேடினார்.

காந்தன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, உக்காரு. அவளோடத அவகிட்டக் குடு."

செத்த பொத்தானுள்ள பழைய கன்ட்ரோலர் கைக்கு வந்தது. பவானேஸ்வரி சேலை முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். குளவிகள் வந்தன, அவர் வழிவிட்டார். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் ஒரு பெரிய குளவி வரும். அதைக் கொல்லாவிட்டால் சற்று நேரத்தில் தானே பறந்துவிடும். ஆட்டம் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று ஹஃபிஸ் வைத்த ஏற்பாடு அது. அதுவரை ஒருவர் பொறுமையாக இருப்பார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"போயிட்டு வாங்க" என்று பெரிய குளவியை வழியனுப்பினார் பவானேஸ்வரி. "வந்தவங்க எவ்ளோ நேரந்தான் இருப்பாங்க?"

நான்காம் நிலையில் ஒரு குண்டு பொட்டை உரசுவதுபோலப் போனது.

"எடது! எடது லா!" என்று காந்தன் கத்தினார்.

"நீங்க லாரிய ஓட்டுங்க" என்றார் அவர், திரும்பாமலே.

ஐந்தாம் நிலையில் ராணிக் குளவி. திரையில் குண்டுகளுக்கு நடுவே கறுப்புப் பின்னணிகூடத் தெரியவில்லை. "இவள நானே சுடாம தாண்டுனதில்ல" என்று ஹஃபிஸ் மெல்லச் சொன்னார். பவானேஸ்வரி அசையாமல் பார்த்தார். "இதுவும் அந்த வெளக்கு மாதிரிதான். வரிசையா வரும்" என்று முணுமுணுத்தார். ஒரு விரல்கடை நகர்ந்தார். நின்றார். மறுபடி ஒரு விரல்கடை. ராணி பறந்தது.

"போயிட்டு வாங்கம்மா."

மூன்று கட்டங்கள் வந்தன. முழுப் பெயரும் எழுதக் கட்டத்தை நீட்டித் தருவதாக ஹஃபிஸ் சொன்னார். "வேணாம் தம்பி. அவ்ளோ நீளப் பேர்ல நான் எதுன்னு தேடணும்" என்று பவானேஸ்வரி அதே மூன்றையும் எழுதினார். இப்படியொரு விளையாட்டைச் செய்ததற்கு ஹஃபிஸுக்கும், கெட்டுப்போனதற்குப் பொத்தானுக்கும் நன்றி சொன்னார். பொத்தானைப் பழுதுபார்த்துத் தருகிறேன் என்று ஹஃபிஸ் கை நீட்டியபோது, கன்ட்ரோலரை மடியில் மறைத்துக்கொண்டார். காந்தன் யாரும் கேட்காமலே அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டார். அது வர வெகுநேரமானது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மதியம், தொழிற்சாலைக் கடிகாரத்தில் மூன்றேகாலில் தொடங்கி இருபத்தாறு நிமிடம், பவானேஸ்வரி ஒரு குண்டும் சுடவில்லை. ஒரு குண்டும் அவர் மேல் படவில்லை.