கோமதிக்கு ஒரு கட்டம் இல்லை

1. பேரைச் சொல்லாத ஊர்

அறுபதுகளின் நடுவில், தென்காசி வட்டாரத்தில் நடந்த ஒரு குடும்ப ஆய்வில் ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டராகச் சேர்ந்தேன். வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தேன். அதனால் அந்த வேலை எனக்கு உயிர்.

சூப்பர்வைசர் மெட்ராஸ்காரர். சாரல் விழும் மாதமாகப் பார்த்து வந்து குற்றாலத்தில் ரூம் எடுத்தார். காலையில் ஐந்தருவியில் குளியல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் நாங்கள் நிரப்பிக் கொண்டுபோகும் ஷெட்யூல் என்ற கேள்வித்தாள்களைத் திருத்துவது. சேற்றில் அலைந்து வீடுவீடாகக் கேள்வி கேட்டது நாங்கள்.

முதல் நாள் முதல் கேள்வியிலேயே முட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால் ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். ஒருத்தி முருகன் கோயில் பக்கம் கையைக் காட்டி, "அங்கன இருக்க சாமி பேருதான்" என்றாள். முருகனுக்கா பேர் பஞ்சம்? ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். குமாரசாமி என்றதும் தலையை ஆட்டினாள். கேள்வியை அச்சடித்த மகராசனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

2. பட்டென்று வந்த பதில்

இலஞ்சியில் கோமதியைப் பார்த்தேன். பேரை மாற்றியிருக்கிறேன். அண்ணன் வீட்டில் இருந்தாள். பீடி சுற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

"சண்முகவேல். ஆயுசு குறைஞ்சா குறையட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து அண்ணன் ஓடிவந்தார். பேனாவும் பேப்பருமாக ஒரு பெண் வந்தால் அந்த ஊரில் எல்லாருக்கும் டீச்சர்தான்.

"டீச்சர், அவன் இவள விட்டுட்டுப் போயிட்டான்னு எழுதுங்க. எம் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை வரண்டாமா?"

"அவரு எங்கன போனாரு?" என்றாள் கோமதி. "புளியங்குடியில எலுமிச்சை கமிஷன் கடையிலதான் உக்காந்திருக்காரு. கை நீட்டுனாரு, பொறுத்துப் பாத்தேன். பொறவு துணிய எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். என்னை யாரும் விடல. நாந்தான் விட்டேன். அப்படியே எழுதுங்க டீச்சர்."

ஷெட்யூலில் இருந்த கட்டங்கள் மணமாகாதவர், மணமானவர், விதவை, விவாகரத்து பெற்றவர், கைவிடப்பட்டவர். கோமதி கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. ஓரத்தில் நானே ஒரு கட்டம் வரைந்து, 'கணவரை விட்டு வந்தவர்' என்று எழுதி டிக் போட்டேன்.

3. குற்றாலத்தில் திருத்தம்

சூப்பர்வைசர் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தார்.

"என்னம்மா இது, கதை எழுதியிருக்கே? கைவிடப்பட்டவர்ல டிக் போடு."

"அவங்கள யாரும் கைவிடல சார்."

"இந்த ஊர்ல பொம்பளை புருஷனை விடறதாவது! டேட்டா கெட்டுடும்."

"நடந்ததை எழுதினா கெடுமா சார்?"

"திருத்து. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

வேலை போனால் வீட்டில் அடுத்த பேச்சு என்னவென்று தெரியும். ஆனால் கோமதி அண்ணனை எதிரில் வைத்துக்கொண்டு சொன்னதை, ஒரு பேனாவால் நான் பொய்யாக்குவதா? ஆத்திரமாக வந்தது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கோமதியிடம் போய், சூப்பர்வைசர் அதை அடித்துத் திருத்தியிருப்பார் என்று சொன்னேன். அவள் பீடித் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"உங்க சார் அங்கன அடிச்சா, நான் இங்கனயிருந்து திரும்பிப் போயிருவேனா?"

அந்த வாரமே அப்பா ஜாதகத்தை எடுத்தார்.

"வேலைதான் போயிட்டுல்லா, இனி என்ன?"

"வேற வேலை தேடுதேன்ப்பா. வேலை கிடைக்குத வரைக்கும் ஜாதகம் உள்ளயே இருக்கட்டும்."

கத்தினார். தேடினேன். கிடைத்தது.

இப்போது ஆய்வுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டுக்குள் நடந்தது என்னவென்று அந்த வீட்டுப் பெண்ணிடமே கேளுங்கள். அவள் உங்கள் கட்டத்துக்குள் வரவில்லையென்றால் புதுக் கட்டம் போடுங்கள். சூப்பர்வைசர் கத்துவார். கத்தட்டும்.