என்னைக் கேட்டுவிட்டு எழுதிய வசுமதி மேடம்

செய்தி வந்தபோது என் தோளில் ஒரு வாடிக்கையாளருக்காக விரித்த அரக்கு நிறப் பட்டுச்சேலை இருந்தது. முகூர்த்த மாதம் என்பதால் மாடியில் கூட்டம். வேலை நேரத்தில் நாங்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் கீழே பில் போடும் அண்ணன் படியேறி வந்து சொன்னார்.

“அந்த காலேஜ் மேடம், ஸ்டூல் மேடம்... காலைல நெஞ்சுவலியாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள தவறிட்டாங்களாம்.”

“பார்டர் இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்குதாம்மா?” என்று வாடிக்கையாளர் கேட்டார். எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மேடத்தைத் தெரியாதவர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள் என்று மேடத்தின் மாணவர் ஹரீஷ் அண்ணன் சொன்னார். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு வசுமதி மேடம் தொழில் நெறி என்ற பாடத்தை நடத்தினார். ஒரு நிறுவனம் லாபம் பார்த்தால் மட்டும் போதாது, வேலை செய்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஊருக்கும் அது பொறுப்பு என்பதுதான் அந்தப் பாடம். “உங்க சப்ஜெக்ட்ட நல்லா படிச்சா யாரும் வேலை தரமாட்டாங்க மேடம்” என்று மாணவர்கள் கிண்டல் செய்வார்களாம். “வேலை கெடைச்ச அன்னிக்குத்தான்பா என் சப்ஜெக்டே ஆரம்பிக்குது” என்பாராம் மேடம்.

நான் அவருடைய மாணவி இல்லை. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு இந்தப் பட்டுக் கடையில் சேர்ந்தவள். அம்மா ஒரு டிபன் கடையில் மாவு அரைக்கிறார். என் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது.

மேடம் முதலில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தார். நான் எடுத்துப் போட்ட சேலைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, “நீ எங்கம்மா உட்காருவ?” என்று கேட்டார். எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. பக்கத்தில் நின்ற தேவிதான் பதில் சொன்னாள். “சாப்பிடறப்ப உட்காருவோம் மேடம்.”

மாடியில் வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, எங்களுக்குக் கிடையாது. கடையிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர் வாசலில் காட்சிக்கு வைத்திருக்கும் தறியில் நெய்கிற அண்ணன் ஒருவர்தான். “அந்தண்ணன் வேலைக்கு நான் போட்டிபோடப் போறேன்” என்று தேவி சொல்வாள்.

அடுத்த வாரம் மேடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தோஷம். எல்லோருக்கும் பாதாம் பால் வரவழைத்தார். மேடம் மாணவர்களை எங்களோடு கவுன்டருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார், சாயாமல். கொஞ்ச நேரத்தில் ஹரீஷ் அண்ணன், “மேடம், கால் செம வலி” என்றார். “உன் கால் வலிய எழுதாதப்பா. இங்க ஏன் ஒரு ஸ்டூல் இல்லன்னு கேட்டு எழுது” என்றார் மேடம்.

கால் வலித்தால் என்ன செய்வாய் என்று அன்று ஹரீஷ் அண்ணன் என்னிடமும் கேட்டார். முடியாதபோது ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டி மேல் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன் என்று சொன்னேன். அவரிடம் நான் பேசியதே அவ்வளவுதான்.

அந்த வாக்கியம் கல்லூரி விழாவில் மாணவர்கள் பேசும்போது பெரிய திரையில் வந்தது. கடையின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. ஆனால் ‘மாடியில் மணப்பெண் சேலைப் பிரிவில் வேலை செய்யும் பெண்’ என்று இருந்தது. விழாவுக்கு ஊர் வியாபாரிகளையும் அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் எங்கள் முதலாளி.

அந்தப் பிரிவில் தேவியும் நானும்தான் இருந்தோம். தேவி ஒளிந்து உட்காரப் போகிறவள் இல்லை, போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவாள். மறுநாள் ஸ்டாக் ரூம் பூட்டப்பட்டது. என்னை இனி வர வேண்டாம் என்றார்கள்.

தேவி மேடத்துக்குப் போன் செய்திருக்கிறாள். அன்று மாலையே மேடம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார், ஆனால் பேச்சில் விடவில்லை.

“உங்க பசங்க மார்க் வாங்கிக்கினாங்க. என் பொண்ணுக்கு வேல போச்சு. இன்னா பாடம்மா இது?”

“நீங்க கேக்கறது சரிம்மா” என்றார் மேடம். “பசங்க மேல தப்பில்ல. கேட்டதை எழுதறதுக்கு முன்னாடி, இதனால இந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்னு நான்தான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.” பிறகு என்னைப் பார்த்து, “வேற கடையில சொல்லட்டுமாம்மா?” என்றார்.

“அதே கடை மேடம். தேவி இருக்கா.”

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனார். முதலாளி கோபமாகத்தான் இருந்தார்.

“வாங்க மேடம். பாதாம் பால் குடுத்து உபசாரம் பண்ணேன். என் கூட வியாபாரம் பண்றவங்க முன்னாடி நல்லா மரியாத பண்ணீங்க.”

“உங்கள ஒரு வார்த்த கேக்காம உங்க கடைய பத்தி மேடையில பேசவெச்சேன். அது தப்பு. அதே ஹால்ல சொல்றேன்.”

“ஸ்டூல் மேட்டரும் பொய்யின்னு சொல்லிடுங்க.”

“அது பொய் இல்லீங்களே. அத மட்டும் என்னால மாத்திச் சொல்ல முடியாது. கேள்வி கேட்டது நாங்க. பதில் சொன்ன பொண்ணு ஏன் வீட்ல இருக்கணும்?”

கடைசியில் முதலாளி, “நாளைக்கு வரட்டும். ஸ்டூலு கீலுன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்றார்.

மேடம் உடனே சரி சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, “உனக்குச் சம்மதமாம்மா?” என்று கேட்டார். தலையாட்டினேன். எனக்கு வாடகை முக்கியம். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் என் பதிலை அவர் மாற்றப் பார்க்கவில்லை. சொன்னபடி அதே ஹாலில், முதலாளி இருக்கும்போதே, தான் செய்தது தப்பு என்று மைக்கில் சொன்னார்.

அடுத்த வருடம் மேடம், நடந்ததையே தன் தப்பையும் சேர்த்துப் புது மாணவர்களுக்குப் பாடமாக வைக்க நினைத்தார். எழுதியதை அச்சடிக்கும் முன் என்னைக் கல்லூரிக்கு அழைத்தார். அவர் அறையில் உட்கார வைத்து முழுவதும் வாசித்துக் காட்டினார். “இதுல எது வேணாமோ சொல்லு. காரணம் சொல்ல வேணாம்.”

ஸ்டாக் ரூம் வரியில் விரல் வைத்தேன். அதற்குள் அந்த அறையின் பூட்டை எடுத்துவிட்டார்கள். மறுபடி யாராவது படித்துவிட்டு வந்து பூட்டுவார்களோ என்று எனக்குப் பயம்.

“மேடம், அதுதான் மெயின் பாயிண்ட்டே!” என்றார் உடனிருந்த ஹரீஷ் அண்ணன்.

“உனக்கு அது பாயிண்ட்டுப்பா. அவளுக்கு அது உட்கார்ற இடம்” என்று சொல்லி மேடம் அந்த வரியை அடித்தார்.

பிறகு ஒருநாள் கடைக்கு ஸ்டூல்கள் வந்தன. எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாது. தொழிலாளர் துறை அதிகாரிகள் கேட்டிருப்பார்கள் என்கிறார் பில் போடும் அண்ணன். தேவி, “மேடம்தான்டி, வேற யாரு” என்கிறாள். மேடத்திடமே கேட்டோம். “நான் இல்லம்மா. கடைக்காரர் வாங்கிப் போட்டாரு, அவருக்கு நன்றி சொல்லுங்க” என்றார். தேவி மட்டும் போய்ச் சொன்னாள். முதலாளி, “போய் வியாபாரத்தப் பாரும்மா” என்றாராம்.

கடைசியாக மேடம் வந்தது போன தீபாவளிக்கு முன்பு. அவரைப் பார்த்ததும் எழுந்தேன். “உக்காரு, உக்காரு. அதைப் பாக்கத்தான் வந்தேன், சேலையெல்லாம் இல்ல” என்று சிரித்தார். ஆனால் ஒரு சேலையும் வாங்கினார். பச்சை உடல், சின்ன பார்டர். இறந்த அன்று அந்தச் சேலையைத்தான் அவருக்குப் போர்த்தியிருந்தார்கள். முதலாளி தன் காரில் என்னையும் தேவியையும் கூட்டிப் போயிருந்தார். சேலையைப் பார்த்தவர், “நம்ம கடைச் சேல” என்று மெதுவாகச் சொன்னார்.

இதை எழுதிக் கொடுத்ததும் ஹரீஷ் அண்ணன் முதலில் முதலாளியிடம் வாசித்துக் காட்டினார். மேடத்தின் வழக்கம் அது, விடக் கூடாது என்றார். நான் ரோஸ் மில்க் என்று எழுதியிருந்தேன். “நான் குடுத்தது பாதாம் பால்ப்பா. அத மாத்து. மத்தது நடந்ததுதானே” என்றாராம் முதலாளி. மாற்றிவிட்டேன்.

பிறகு எனக்கு வாசித்தார். “எதை எடுக்கணும்? காரணம் சொல்ல வேணாம்.”

எதையும் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். மேடம், நீங்கள் எனக்காக அடித்த வரியை நானே திரும்பச் சேர்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் இனி அதைப் படிக்கட்டும். மாடியில் மணப்பெண் சேலைப் பிரிவில் வேலை செய்யும் பெண் என்று போட வேண்டாம். என் பெயர் பவித்ரா. போய் வாருங்கள், மேடம்.